இயல் 6: முதல் தடவை வருவதும் மறுபடி வருவதும்

கணக்கெடுப்புக்கு ஆள் சேர்ப்பது பெரிய காரியமில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, கூழைக்கடாவின் நல்ல படம் ஒன்று, 'காலை ஆறு மணி, ஏரிக்கரை, டீ உண்டு' என்று ஒரு வரி போதும். முப்பது பேர் வந்துவிடுவார்கள். அந்த முப்பது பேரில் எத்தனை பேர் அடுத்த ஜனவரியில் அதே கரையில் நிற்கிறார்கள் என்பதில்தான் ஒருங்கிணைப்பாளரின் வேலை தெரியும்.

இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. ஒருவர் ஒரு நாள் வந்து நாற்பது வகைப் பறவைகளைக் குறித்துக் கொடுத்தால் அந்த ஒரு நாளின் நிலவரம் கிடைக்கும். கண்காணிப்பு என்பது அதே இடத்தை, அதே முறையில், வருஷா வருஷம் பார்ப்பது. அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மன் 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பில் முதல் வருஷம் கலந்துகொண்டவர்கள் 27 பேர்தான். நூற்றாண்டு கடந்தும் அறிவியலாளர்கள் அதைத் தேடிப்போவதற்குக் காரணம் அது விடாமல் நடந்ததுதான். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. நம்மூர்ப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. திரும்ப வருகிறவர்கள் இல்லையென்றால் இவற்றில் எதிலும் 'கூடியது, குறைந்தது' என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

முதல் தடவை ஒருவரை இழுத்து வருவது ஒரு காரணம். அவரை மறுபடி வரவைப்பது வேறு காரணம். அழைப்பிதழ் எழுதும்போது முதலாவதை நினைத்து எழுதுகிறோம். அந்த வேகத்தில் இரண்டாவதை மறந்துவிடுகிறோம். இந்த இயல் அந்த இரண்டாவதைப் பற்றியது.

படிவத்தில் எழுதுவதும் கரையில் தெரிவதும்

பதிவுப் படிவத்தில் 'ஏன் கலந்துகொள்ள விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி வைப்பது வழக்கம். 'இயற்கையைப் பாதுகாக்க', 'வருங்காலத் தலைமுறைக்காக' என்று அநேகமாக எல்லோரும் எழுதுவார்கள். பொய் எழுதுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு மூன்று சின்னக் கேள்விகள் வையுங்கள். யாரோடு வருகிறீர்கள்? வாரத்தில் எந்த நேரம் உங்கள் கையில் இருக்கிறது? கடைசியாக எந்தப் பறவையை அல்லது பிராணியை நின்று வேடிக்கை பார்த்தீர்கள்? மூன்றாவதற்கு வரும் பதில்தான் சுவையானது. 'மொட்டை மாடியில் கழுகு' என்பவரும் 'அப்படி எதுவும் நினைவில்லை' என்பவரும் ஒரே குழுவில் போகக்கூடாது.

தன்னார்வலர்களின் மனக்காரணங்களை அளக்க உளவியலாளர்கள் ஒரு கேள்விப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். கில் கிளாரி, மார்க் ஸ்னைடர் ஆகியோரும் அவர்களது சகாக்களும் 1998இல் வெளியிட்டது. மருத்துவமனை, முதியோர் இல்லம், வனவிலங்கு என்று எந்தத் துறையானாலும் ஆட்கள் இலவசமாக உழைக்க ஆறு காரணங்கள் உண்டு என்கிறது அது: நம்பும் கொள்கை, தெரிந்துகொள்ளும் ஆசை, கூட்டாளிகள், வேலைவாய்ப்புக்கு உதவும் அனுபவம், மனச்சுமையை இறக்கிவைப்பது, தன்னைப் பற்றிய நல்லெண்ணம். ஒருவரிடம் இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும்.

ஏரிக்கரையில் நின்று பார்த்தால் ஆறும் கண்ணில் படும். சர்க்கரை ஏறிவிட்டதால் டாக்டர் நடக்கச் சொல்லி வந்த ஓய்வுபெற்ற தாசில்தார். எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு ஆய்வுத் திட்டம் ஒன்றில் சேரத் துடிக்கும் பெண். புதுக் கேமராவை வாங்கிவிட்டு எதை எடுப்பது என்று தெரியாத இளைஞர். கைபேசியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக் கூட்டிவந்த அம்மா. இவர்களில் நாம் அதிகம் கவனிக்கத் தவறுவது மனச்சுமையோடு வருபவரை. வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகோ, அலுவலகத்தில் மூச்சு முட்டியோ வருகிறவர் அதைப் படிவத்தில் எழுதமாட்டார். அவருக்கு வேண்டியது இரண்டு மணி நேர அமைதி. அவரைக் கல்லூரி மாணவர் பட்டாளத்தோடு சேர்த்து அனுப்பினால் அன்றோடு சரி. ஏரியின் தெற்கு மூலையைத் தனியாக அவரிடம் கொடுத்துப் பாருங்கள். பல வருஷம் அந்த மூலையை அவர் விடமாட்டார். என் அனுபவத்தில் மிக நீண்ட தொடர்ச்சியான பட்டியல்களைத் தருகிறவர்கள் இந்த ரகத்தினர்தான்.

காரணங்கள் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. தன்னார்வலர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து செய்யும் திட்டங்களைப் பற்றி டானா ராட்மன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. முதலில் ஆட்கள் தங்கள் சொந்த ஆர்வத்துக்காக, தெரிந்துகொள்ளும் ஆவலுக்காக வருகிறார்கள். தொடர்ந்து இருப்பதா வேண்டாமா என்பதைத் தங்கள் உழைப்பு மதிக்கப்படுகிறதா, தங்கள் பெயர் சேர்க்கப்படுகிறதா, அறிவியலாளர்கள் தங்களோடு பேசுகிறார்களா என்பதை வைத்து முடிவு செய்கிறார்கள். முதல் காரணத்தை நீங்கள் உருவாக்க வேண்டியதில்லை, அவர்களே கொண்டுவருவார்கள். இரண்டாவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

இ-பேர்ட் கற்றுக்கொண்ட பாடம்

இன்று உலகம் முழுவதும் பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலை ஏற்றும் இ-பேர்ட் தளத்தை 2002இல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து தொடங்கின. ஆரம்ப வருஷங்களில் அது எதிர்பார்த்தபடி சூடுபிடிக்கவில்லை. 'உங்கள் பட்டியலைத் தாருங்கள், அறிவியலுக்கு உதவுங்கள்' என்பதே அதன் அழைப்பாக இருந்தது. நல்ல அழைப்புதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆட்களும் பெரிதாகக் குவியவில்லை.

சில வருஷங்கள் கழித்துத் தளத்தை நடத்தியவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். பறவை பார்ப்பவருக்கு என்ன வேண்டும்? வாழ்நாளில் எத்தனை வகை பார்த்தோம் என்ற கணக்கு வேண்டும். இந்த வருஷம், இந்த மாவட்டம், என் வீட்டு மாடி என்று தனித்தனிப் பட்டியல் வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் நேற்று என்ன பார்த்தார் என்று தெரிய வேண்டும். இதையெல்லாம் தளம் தானாகவே செய்துகொடுக்கும்படி மாற்றினார்கள். பட்டியல்கள் கொட்டத் தொடங்கின. கணக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தளத்துக்கு வந்தவர் போகிற போக்கில் அறிவியலுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

உங்கள் மாவட்டக் கணக்கெடுப்புக்கும் இது பொருந்தும். தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய்விடும் அமைப்பு எதுவானாலும், எவ்வளவு பெரிய பெயரானாலும், இரண்டு வருஷத்தில் அதன் ஆட்கள் கரைந்துவிடுவார்கள். எழுதியவர் கையில் ஒரு பிரதி நிற்க வேண்டும். அது இ-பேர்ட் கணக்கோ, கைபேசிப் படமோ, ஒரு நோட்டுப் புத்தகமோ, எதுவானாலும் சரி. பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுதான் சிறந்தது. வீட்டில் எடுத்துக் காட்டலாம்.

இரவில் ஏழு கிலோமீட்டர்

மறுபடி வரவைக்கும் காரணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக் கடற்கரைக்குப் போக வேண்டும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஜனவரியிலிருந்து கோடையின் தொடக்கம்வரை இரவில் கடற்கரையில் நடக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை சுமார் ஏழு கிலோமீட்டர். பங்குனி ஆமை முட்டையிட வரும் பருவம் அது. வார இறுதியில் பொதுமக்களும் கூடவே நடக்கலாம்.

புதிதாக வருகிறவர் ஆமையைப் பார்க்கத்தான் வருகிறார். பல இரவுகளில் ஆமை கண்ணில் படாது. கிடைப்பது ஈர மணல், கால் வலி, தெருநாய்களின் குரைப்பு, தூக்கம் கெட்ட மறுநாள். 'கூலி இல்லாத இராக்காவல்' என்று அதைக் கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. அப்படியிருந்தும் ஒவ்வொரு பருவத்திலும் இருபது வயதுப் பிள்ளைகள் அடுத்த இரவுக்குப் பெயர் கொடுக்கிறார்கள்.

அந்த நடையில் என்ன நடக்கிறதென்று பாருங்கள். கடலிலிருந்து மேடேறிப் போய்த் திரும்பிய துடுப்புக்கால் தடம் தென்பட்டதும் குழு நிற்கிறது. தடத்தின் முனையில் மணல் கிளறிக் கிடக்கும் இடத்தில் ஒருவர் குச்சியால் பதமாகக் குத்திப் பார்க்கிறார். இறுகிய மணலில் குச்சி நிற்கும். முட்டைக்குழியின் மேல் சட்டென்று உள்ளே இறங்கும். அந்த வித்தியாசம் கைக்குத்தான் தெரியும், சொல்லிக்கொடுத்து வராது. பிறகு ஒருவர் மண்டியிட்டுக் கையால் தோண்டுகிறார். ஒருவர் எண்ணுகிறார், நூறையொட்டி வரும். ஒருவர் துணிப்பையைப் பிடிக்கிறார். ஒருவர் குழியின் ஆழத்தையும் நேரத்தையும் இடத்தையும் குறிக்கிறார். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே வடிவில் குழி தோண்டி முட்டைகளை வைக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு குஞ்சு வரும்.

முதல் இரவில் பை பிடித்தவர் நான்காவது இரவில் எண்ணுகிறார். அடுத்த பருவத்தில் குச்சி அவர் கைக்கு வருகிறது. வேலை படிப்படியாக ஏறுகிறது, அதோடு பொறுப்பும். அந்தக் குச்சிக்காகத்தான் பலர் திரும்ப வருகிறார்கள் என்பது என் துணிபு. இன்னொன்று, ஏழு கிலோமீட்டர் இருட்டில் கூட நடந்தவர்கள் அந்நியராக இருக்க முடியாது. குழுவின் பழைய உறுப்பினர்களில் எத்தனையோ பேர் வனவிலங்குத் துறைக்கே போய்விட்டார்கள். போகாதவர்களுக்கும் அந்தச் சினேகிதம் நிற்கிறது.

கொடுமையான பக்கமும் ஒன்று உண்டு. அந்த நடையில் செத்து ஒதுங்கிய ஆமைகளையும் எண்ண வேண்டும். 2025 தொடக்கத்தில் சென்னையிலும் அதையொட்டிய கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. குஞ்சு கடலுக்குப் போவதைப் பார்க்க வந்தவர்கள் அழுகிய ஓடுகளை அளந்தார்கள். இப்படிப்பட்ட வருஷத்தில் ஒருங்கிணைப்பாளர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: பிள்ளைகளின் மனம் கஷ்டப்படுமே என்று அந்த வேலையை மறைத்துச் செய்வது. எண்ணாவிட்டால் 'ஏதோ சில ஆமைகள்' என்று செய்தி முடிந்துவிடும். எண்ணியதால்தான் அது ஆயிரம் ஆயிற்று. இதை அந்த இடத்திலேயே, சடலத்தின் பக்கத்தில் நின்றே சொல்லுங்கள். இரண்டு இரவு தொடர்ந்து அதே வேலையைச் செய்தவருக்கு மூன்றாவது இரவு பொரிப்பகத்தில் வேலை கொடுங்கள்.

சான்றிதழ்

எல்லாக் கூட்டத்திலும் எழும் கேள்வி: "சார், சர்ட்டிஃபிகேட் உண்டா?"

கேட்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு மணிக்கணக்கு காட்ட வேண்டும். வேலை தேடுகிற பெண்ணுக்கு ஒரு தாள் உதவும். ஆனால் அழைப்பிதழின் முதல் வரியிலேயே 'சான்றிதழ் வழங்கப்படும்' என்று போடுவதற்கு நான் எதிரி.

காரணம் 1973இல் வெளிவந்த ஒரு சோதனை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்ததும் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, சும்மா விளையாட விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்ற இரண்டு பிரிவையும்விடக் குறைவாகவே பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் கொடுத்த பிரிவுக்கு ஆசை குறையவில்லை.

குழந்தைகளிடம் கண்டதை அப்படியே பெரியவர்கள்மேல் ஏற்றக்கூடாதுதான். ஆனாலும் முறையை மாற்றுவதில் நஷ்டமில்லை. முன்கூட்டி அறிவிக்காதீர்கள், பருவம் முடிந்ததும் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே வாசகம் அச்சடித்த அட்டையைக் கொடுக்காதீர்கள். 'இவர் இந்த ஏரியின் கிழக்குக் கரையில் டிசம்பர் முதல் மார்ச்வரை வாரம் ஒரு முறை நீர்ப்பறவைகளை எண்ணினார். தாழைக்கோழிக் குஞ்சுகளை இந்த ஏரியில் முதலில் பதிவு செய்தவர்' என்று நான்கு வரிக் கடிதம் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் அந்த மாணவர் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைக்கும். எழுதுவதற்கு உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால்.

தொப்பி, டீசட்டை பற்றி ஒரு வரி: தைக்கும் காசில் ஒரு பைனாகுலர் வாங்கிக் குழுவுக்குப் பொதுவாக வையுங்கள்.

"எனக்கு ஒன்றும் தெரியாதே"

ஆட்கள் நின்றுபோவதற்கு அலுப்பைவிடப் பெரிய காரணம் கூச்சம். அனுபவசாலிகள் 'அதோ பச்சைக்கால் உள்ளான், இதோ பொரி உள்ளான்' என்று சரசரவென்று சொல்லிக்கொண்டு போக, பின்னால் வருபவருக்கு எல்லாம் ஒரே பழுப்பு நிறமாகத் தெரியும். தலையாட்டிக்கொண்டே வருவார். அடுத்த ஞாயிறு அவருக்கு உறவினர் வீட்டுக் கல்யாணம் வந்துவிடும்.

ஒரு காலையில் புதிதாக வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி எங்கள் குழுவின் மூத்த பெண்மணியிடம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எனக்குத் தெரிஞ்சது மைனாவும் காக்காவும்தான். நான் என்ன எழுதறது?"

"மைனாவையே எண்ணு. அந்த அரசமரத்துல எத்தனைன்னு சொல்லு பார்ப்போம்."

"பறந்துகிட்டே இருக்கே..."

"பத்து பத்தா கூட்டம் பிரிச்சுக்கோ. ஒரு பத்தை நல்லா மனசுல வாங்கிக்கோ. அந்த மாதிரி எத்தனை பத்துன்னு பாரு."

அரை மணி நேரம் அவள் அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை. நடுவில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. "அக்கா, இது மைனா மாதிரியே இருக்கு, ஆனா மேல ரோஸ் கலரு" என்றாள். சூறைக்குருவி. குளிர்காலத்துக்கு வந்த வலசைப் பறவை. யாரும் காட்டாமல் அவளே வித்தியாசம் கண்டாள்.

அந்த மூத்த பெண்மணி செய்தது எல்லாக் குழுவிலும் செய்யக்கூடியது. புதியவருக்குப் பெயர் சொல்லும் வேலையைக் கொடுக்காமல் எண்ணும் வேலையைக் கொடுங்கள். தெரிந்த ஐந்து பறவையோடு அனுப்புங்கள்: மடையான், நாமக்கோழி, முக்குளிப்பான், ஆட்காட்டி, கரிச்சான். தெரியாததை 'உள்ளான், வகை தெரியவில்லை' என்று எழுதுவது குற்றமல்ல, நல்ல பதிவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகள் வந்துவிட்டன. உதவியாக இருக்கட்டும், கண்ணால் காணாததை அதை மட்டும் நம்பி எழுத வேண்டாம்.

இ-பேர்டில் அபூர்வமான பறவையைப் பதிந்தால் அந்தப் பகுதிச் சரிபார்ப்பாளர் ஒருவர் விவரம் கேட்டு எழுதுவார். அனுபவமுள்ளவருக்கு இது சாதாரணம். புதியவருக்கோ போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்த மாதிரி இருக்கும். இப்படி ஒரு கடிதம் வரும், அது சந்தேகத்தின் அடையாளம் இல்லை, பதிவு முக்கியமானதாக இருக்கலாம் என்பதன் அடையாளம் என்று பயிற்சி நாளிலேயே சொல்லி வையுங்கள். முடிந்தால் பழைய கடிதம் ஒன்றைப் பெயர் நீக்கிக் காட்டுங்கள்.

இரண்டு நாளுக்குள் ஒரு செய்தி

இந்த இயலில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். கணக்கெடுப்பு முடிந்த இரண்டு நாளுக்குள் கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் முடிவு போய்ச் சேர வேண்டும். 'பங்கேற்ற அனைவருக்கும் நன்றி' முடிவு ஆகாது. மாதிரிக்கு ஒன்று (எண்கள் உதாரணத்துக்கு):

'வணக்கம். ஞாயிறு காலை நம் ஏரியில் 9 பேர், 5 பட்டியல்கள், 43 வகைகள். நாமக்கோழி போன பொங்கலுக்கு 210, இந்தப் பொங்கலுக்கு 64. ஆகாயத்தாமரை பெருகியது காரணமா என்று தெரியவில்லை. பிப்ரவரியில் மறுபடி பார்க்க வேண்டும். வடக்குக் கரைக் குழு ஒரு மணி நேரத்தில் எதையும் பார்க்கவில்லை. அங்கே மண் அள்ளும் வேலை நடக்கிறது. அந்தப் பட்டியல்தான் இந்த வருஷம் மிக முக்கியமானது.'

கடைசி வாக்கியம் வடக்குக் கரைக்குப் போய் ஏமாந்தவர்களுக்காக எழுதப்பட்டது. 'ஒன்றும் இல்லை' என்பதும் பதிவு என்பதை அறிவியல் படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வெறுங்கையோடு திரும்பியவருக்கு அது ஆறுதல் வார்த்தையாகத்தான் கேட்கும். எந்த முடிவு அவருடைய வெறுங்கையைச் சார்ந்திருக்கிறது என்று காட்டினால்தான் நம்புவார். பிரிட்டனில் 1994 முதல் நடக்கும் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பில் எந்த ஒரு கிலோமீட்டர் சதுரத்தில் நடப்பது என்பதைத் தன்னார்வலர் தேர்ந்தெடுப்பதில்லை. குலுக்கல் முறையில் வருகிறது. அழகான ஏரி கிடைப்பவரும் உண்டு, வெறும் கோதுமை வயல் கிடைப்பவரும் உண்டு. எல்லோரும் ஏரிக்கே போனால் வயல்வெளிப் பறவைகள் குறைந்தது யாருக்கும் தெரியாது. இதை விளக்கிச் சொன்னதால் மக்கள் வயலுக்கும் போகிறார்கள். கேரளப் பறவை வரைபடத் திட்டமும் அப்படித்தான்: 2015 முதல் 2020வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்கப் பிரித்த கட்டங்களுக்குள் மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டு பருவத்திலும் போய் எண்ணினார்கள்.

பெரிய முடிவுகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சுமார் 30,000 பறவை பார்ப்பவர்கள் தந்த 3 கோடிப் பதிவுகளிலிருந்து 942 வகைகளை மதிப்பிட்டது. 2020 அறிக்கை சிட்டுக்குருவியைப் பற்றிச் சொன்னதைக் கூட்டத்தில் எடுத்துப்போடுங்கள்: நாடு முழுவதுமாகப் பார்த்தால் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது. 'செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தன் வீட்டு மாடிப் பட்டியலும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தவர் அடுத்த நாளே பட்டியல் போடுவார்.

போட்டி எல்லை மீறும்போது

வகை எண்ணிக்கையில் முந்துவது பலருக்குப் பெரிய உந்துதல். அதைக் கேவலமாகப் பேசும் கண்டிப்பானவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; இ-பேர்ட் வளர்ந்ததே அந்த ஆசையால். ஆனால் அது கூட்டுக்கும் குஞ்சுக்கும் உலை வைக்கத் தொடங்கும் கட்டம் ஒன்று வரும். ஆந்தைப் பொந்து ஒன்றின் இடம் குழுவில் பரவினால் மறுநாள் அதைச் சுற்றிப் பத்துக் கேமரா நிற்கும். இ-பேர்ட் தளமே தொந்தரவுக்கு ஆளாகக்கூடிய சில வகைகளின் இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. உங்கள் குழுவிலும் எழுதிவைத்த விதி வேண்டும்: கூட்டின் படம் இல்லை, பறவையை வரவழைக்க ஒலி போடுவது இல்லை, அபூர்வப் பறவையின் இடம் பருவம் முடியும்வரை குழுவுக்கு வெளியே போவதில்லை. மீறியவரை எல்லார் முன்னாலும் திட்டாமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். போட்டி ஆசை உள்ளவருக்கு மாவட்டத்தில் இதுவரை யாருமே பட்டியல் போடாத கண்மாய்களின் பெயர்களைக் கொடுங்கள். அங்கே அவர்தான் முதல்.

கூலி இழப்பவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உள்ளவர்களுக்கு. கீதாரியும் மீனவரும் ஏரி மடை பார்ப்பவரும் வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிறார்கள். எந்த மாதத்தில் எந்தக் கொக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. அவர்களிடம் 'தன்னார்வமாக வாருங்கள்' என்று கேட்பது ஒரு நாள் கூலியைக் கேட்பது. உதவியாளராக வைத்து நாள் சம்பளம் கொடுங்கள், பட்டியலில் அவர் பெயரையும் சேருங்கள்.

ஊரே காவலாக நிற்கும் இடங்களில் உந்துதல் வேறு மாதிரி. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் அவற்றைத் தங்கள் வீட்டு விருந்தாளியாகப் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு நீங்கள் விழிப்புணர்வு கொண்டுபோக வேண்டியதில்லை. உங்கள் கணக்கைக் கொண்டுபோங்கள். இந்த வருஷம் எத்தனை கூடு என்பதை ஒரு சார்ட்டில் எழுதிக் கிராம சபையில் வாசியுங்கள், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். ஊர்ப் பெருமைக்கு ஒரு எண் கிடைத்துவிட்டால் அடுத்த வருஷம் அவர்களே கேட்பார்கள்.

டிசம்பரில் போன் செய்வது

பொங்கலுக்கு மூன்று வாரம் முன்பு போன வருஷப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள். குழுச் செய்தி போதாது. 'வருவீங்களா?' என்று தொடங்காதீர்கள். 'போன வருஷம் நீங்க பார்த்த அந்தப் பூநாரை அப்புறம் வந்துச்சா?' என்று தொடங்குங்கள். அதற்கு முதலில் போன வருஷப் பட்டியலை நீங்கள் படித்திருக்க வேண்டும்.

சிலர் வரமாட்டார்கள். குழந்தை பிறந்திருக்கும், வேலை மாறியிருக்கும், முட்டி தேய்ந்திருக்கும், அல்லது வெறுமனே ஆசை தீர்ந்திருக்கும். கட்டாயப்படுத்தாதீர்கள், குற்ற உணர்ச்சியோடு வருகிறவர் அரைமனதோடு எண்ணுவார், அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. நடக்க முடியாதவருக்கு வீட்டு மாடியில் பதினைந்து நிமிடப் பட்டியல் போடலாம் என்று சொல்லுங்கள். பொங்கல் கணக்கெடுப்புக்கு அந்தப் பதினைந்து நிமிடமே போதும். அதுவும் வேண்டாம் என்பவரிடம் ஒரே ஒரு காலையை மட்டும் கேளுங்கள். அவருடைய கரைக்குப் புதியவர் ஒருவரைக் கூட்டிப்போய், எந்த இடத்தில் நின்று எண்ணுவார், எந்தப் பக்கம் வெயில் கண்ணில் அடிக்கும், எந்த வீட்டு நாய் துரத்தும், எந்தக் கருவேல மரத்தில் நீர்க்காகம் உட்காரும் என்று காட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். அதைப் புதியவர் தன் நோட்டில் கையால் வரைந்துகொள்ளட்டும். அடுத்த பத்து வருஷ எண்களை ஒப்பிட அந்த வரைபடம் வேண்டியிருக்கும்.